மெட்ராஸ் ஐக்கு நான் போட்ட கணக்கு

கணக்குப் படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. உலகம் கணக்குக்கு ஒத்துவராவிட்டால் தப்பு உலகத்தின் மேல்தான் என்று நினைப்பார்கள். எனக்கு அந்த வியாதி இருபத்தைந்து வயதிலேயே முற்றியிருந்தது.

இரண்டாயிரங்களின் தொடக்கம். சென்னையில் ஹாஸ்டலில் தங்கி, கணிதத்தில் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தேன். ஒரே நோய் இரண்டு வகைக் கிருமிகளால் பரவினால் யாருக்கு, எப்போது வரும் என்று சமன்பாடு போடுவதுதான் ஆராய்ச்சி. (இதை விளக்கப் போய் என் அம்மா இரண்டு வரன்களைக் கோட்டைவிட்டிருந்தார்.) கைடு கறாராகச் சொல்லிவிட்டார்: "நிஜமான ஊரு, நிஜமான டேட்டா கொண்டு வா. இல்லன்னா தீசிஸை மறந்துடு."

அந்த நேரம் பார்த்து எங்கள் கும்மிடிப்பூண்டியில் மெட்ராஸ் ஐ வந்தது. என் நைனா சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு இரும்புக் கம்பி ஆலையில் கிரேன் ஆபரேட்டர். ஆலையில் பாதிப் பேர் கண் சிவந்து லீவு. யாருக்கு எந்தத் தேதியில், எந்த ஷிப்டில் வந்தது என்பதெல்லாம் லீவு ரிஜிஸ்டரில் பளிச்சென்று இருந்தது. நைனாவுக்கு வந்தது, லீவில் வந்திருந்த எனக்கும் வந்தது. ஊரே கண்ணைக் கசக்கிக்கொண்டிருக்க, நான் மட்டும் சந்தோஷமாகக் கசக்கினேன்.

ஆலையின் பர்சனல் மேனேஜருக்கு ஒரே கவலை. "தம்பி, ஒரு தடவை வந்தவனுக்கு மறுபடி வருமா? அதை மட்டும் சொல்லுங்க. ரிஜிஸ்டரைத் தரேன், உங்க ஆராய்ச்சி எங்களுக்கு உதவுச்சுன்னு கம்பெனி லெட்டர்ஹெட்ல லெட்டரும் தரேன்."

என் சமன்பாட்டில் ஒரு எண் உண்டு. முதல் வகைக் கிருமி வந்து போனால், இரண்டாவது வகையிடமிருந்து எவ்வளவு பாதுகாப்பு கிடைக்கும் என்பதைச் சொல்லும் எண் அது. கொஞ்சம்தான் பாதுகாப்பு என்று வைத்தால் சமன்பாடு நாலு பக்கத்துக்கு நீளும். முழுப் பாதுகாப்பு என்று வைத்தாலோ பாதி உறுப்புகள் அடிபட்டுப்போய் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். நான் முழுப் பாதுகாப்பு என்றே வைத்தேன். கூடவே, 'வெளியிலிருந்து நோய் உள்ளே வருவதில்லை' என்று ஒரு வரியும் சேர்த்தேன். (எல்லா ஆய்வுக் கட்டுரையிலும் இருக்கும் வரி. சமையலில் உப்பு மாதிரி.)

விடை வந்தது: மறுபடி வராது.

மறுநாளே நோட்டீஸ் போர்டில் சர்க்குலர் ஏறியது. 'ஒருமுறை கண் நோய்க்கு லீவு எடுத்தவர்களுக்கு மீண்டும் அந்த லீவு கிடையாது.' கீழே, 'ஆராய்ச்சிக் கணிப்பின்படி' என்று என் பெயர், இன்னும் வாங்காத டாக்டர் பட்டத்தோடு.

அன்று நைனா சட்டையைக்கூடக் கழற்றாமல் கேட்டார்: "டேய், வராதுன்னு எழுதிக் குடுத்துட்ட. எனக்கு மறுபடி வந்துச்சுன்னா கிரேன் மேல ஏறி இன்னாத்தடா பாக்கறது? கீழ ஆளுங்க நிக்கிறாங்க."

"சமன்பாட்டுல வரல நைனா."

"சரி. வந்துச்சுன்னா சமன்பாடாண்டயே லீவு கேட்டுக்கறேன்" என்று கை கழுவப் போனார்.

இரண்டு வாரம் கழித்து, கணிப்பைத் தொழிலாளர்களுக்கு விளக்கிச் சொல்லும்படி மேனேஜர் அழைத்தார். ஹாஸ்டலில் அப்போது அறைத்தோழனுக்கு மெட்ராஸ் ஐ. எனக்குத்தான் மறுபடி வராதே. அவன் துண்டிலேயே முகம் துடைத்தேன். மின்சார ரயிலில் வரும்போது இடது கண் அரித்தது. தூசு என்று நினைத்தேன்.

ஆலை கேன்டீனில், குணமான அறுபது பேரையும் வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். முன் பெஞ்சில் வெல்டர் மரியதாஸ் அண்ணன் என்னை உற்றுப் பார்த்தார்.

"தம்பி, கண்ணு செவந்துகினு கீதே?"

"இரும்புத் தூசு அண்ணே."

"எங்க ஊட்ல எம் மச்சானுக்கு ரெண்டு தபா வந்துச்சுப்பா."

"மொதல்ல வந்தது மெட்ராஸ் ஐ-யா இருந்திருக்காது" என்றேன். மச்சானையும் பார்த்ததில்லை, கண்ணையும் பார்த்ததில்லை.

பிறகுதான் என் புத்திசாலித்தனத்தின் உச்சம். சுவரில் ஒரு சார்ட் ஒட்டி, ஒவ்வொருவராக வந்து தமக்கு நோய் வந்த தேதியில் புள்ளி வைக்கச் சொன்னேன். ஸ்கெட்ச் பேனா ஒன்றே ஒன்றுதான். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேனாவைக் கொடுப்பேன். அவர் புள்ளி வைத்ததும் கைகுலுக்கி, "உங்களுக்கு இனி வராது" என்பேன். அறுபது பேர். கடைசியில் மேனேஜரும் ஆசையாக ஒரு புள்ளி வைத்தார்.

மூன்றாம் நாள் ஆலை வாசலில் நாற்பது பேருக்குமேல் சிவந்த கண்களோடு நின்றார்கள். எல்லாரும் புள்ளி வைத்தவர்கள். டைம் ஆபீஸ் கிளார்க் சர்க்குலரைக் காட்டி லீவு இல்லை என்றாராம். நைனா முன்னால் போய் நின்றிருக்கிறார்.

"சார், எம் புள்ள கணக்குப்படி எனக்கு வரல. ஆனா கிரேன் கொக்கி ரெண்டா தெரியுது. எதுல மாட்டட்டும், நீயே சொல்லு."

அன்று மில் ஓடவில்லை. சர்க்குலரைக் கிழிக்க மேனேஜரே வந்தார், கூலிங் கிளாஸோடு. சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். ஆனால் அத்தனை பேர் நடுவில், மகன் பெயர் போட்ட காகிதத்துக்குக் கீழே நைனா நின்றதை நினைத்தால் இன்றும் கூசுகிறது. எல்லாருக்கும் லீவு கிடைத்தது. எனக்கு லெட்டர் கிடைக்கவில்லை.

கைடுக்கு மட்டும் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "இவ்ளோ சுத்தமான ரெண்டாவது அலை யாருக்குப்பா கிடைக்கும்" என்று தட்டிக்கொடுத்தார். முழுப் பாதுகாப்பைத் தூக்கிப்போட்டு, மறுபடி வந்தது இரண்டாவது வகைக் கிருமி என்று வைத்து, நாலு பக்கச் சமன்பாட்டையே போட்டேன். பட்டமும் வாங்கினேன்.

பைண்டு செய்த தீசிஸை வீட்டுக்குக் கொண்டுபோனேன். நைனாவுக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது, எண்கள் வரும். ஒரு அட்டவணையில் விரல் நின்றது.

"இன்னாடா இது, முதல் வகைக்குப் பன்னெண்டுன்னு கீது, ரெண்டாவதுக்கு ஒண்ணுன்னு கீது?"

"ஆரம்பத்துல எத்தினி பேருக்கு அந்தக் கிருமி இருந்துச்சுங்கிற கணக்கு நைனா."

கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "அந்த ஒண்ணு யாரு?"

உள்ளே அம்மா சிரிக்கும் சத்தம் கேட்டது.

இப்போது ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். நான் தும்மினால்கூட மாணவர்கள் மரியாதையாக எழுந்து நிற்கிறார்கள். ஊருக்கு வருகிறேன் என்று போன் செய்தால் மட்டும், நைனா அம்மாவிடம் சொல்வது எனக்குத் தெளிவாகக் கேட்கும்:

"ஒண்ணு வருதாம். சோப்பை எடுத்து வாசல்ல வை."