செத்தவர்களிடம் கையெழுத்து வாங்கிய வேட்பாளர்

லண்டன் மாநகரத்தில் செத்துப்போனவர்களைத் தேடிக் கதவு கதவாகப் போய்க் கையெழுத்துக் கேட்ட வேட்பாளர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் தெருவில் இருந்தார். 'மூண்டுவிசய அண்ணை' என்று கூப்பிடுவோம். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அதை நாங்கள் யாரும் கேட்டதில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய அந்த முதல் பத்தாண்டில் எங்கள் கிழக்கு லண்டன் பகுதி கண்மண் தெரியாமல் வளர்ந்தது. பார்த்த பக்கமெல்லாம் கிரேன். கண்ணாடியில் புதுக் கட்டடம், கோடை விழா, புதுச் சின்னம் என்று உள்ளூர்க் கவுன்சில் வழுவழுத் தாளில் அச்சடித்து வீட்டுக்கு வீடு போட்டது. எங்கள் தெருவிலோ விளக்குக் கம்பங்கள் ஒவ்வொன்றாக அணைந்து, கடைசியில் ஆறு இருண்டு கிடந்தன.

"கவுன்சிலுக்கு மூண்டு விசயம்தான் வேலை," என்பார் அண்ணை. "குப்பை, றோட்டு, லைற். இதுகளை ஒழுங்காச் செய்துபோட்டு மிச்சத்தைக் கதைக்கட்டும். வளருற பிள்ளைக்கு முதல்ல சப்பாத்து வாங்கிக் குடுக்க வேணும். தொப்பி பிறகு போடலாம்."

ஜேர்மனியில் பதினைந்து வருடம் இருந்துவிட்டு வந்தவர். கடைகளின் இரும்பு ஷட்டர் திருத்துவது தொழில். ஒழுங்கை அங்கே பழகினாரா, பிறவியிலேயே கொண்டுவந்தாரா தெரியாது. குப்பை எடுக்கும் நாளில் காலை ஏழு மணிக்கு நம் வீட்டுத் தொட்டி சரியாக மூடியிருக்கிறதா என்று நம் வாசலில் நின்று பார்ப்பார்.

ஆளைப் பார்த்தாலே பயமாயிருக்கும். ஆறடி உயரம், கணுக்கால் வரை கறுப்புக் கோட்டு, சத்தமே கேட்காத ரப்பர் சப்பாத்து. லண்டன் குளிர்காலத்தில் நாலு மணிக்கே இருட்டிவிடும். அந்நேரம் அணைந்த கம்பம் ஒன்றின் கீழே அண்ணாந்தபடி நிற்பார். நாம் கடக்கும்போது, "அடுத்தது உங்கடை வாசல் லைற்," என்பார். அடுத்த கிழமை அதுவும் அணைந்துவிடும். ஒருமுறை என்றால் தற்செயல் என்று விடலாம். மூன்று முறை நடந்தது. பிறகு அவரைக் கண்டால் பலர் எதிர்ப் பக்கம் மாறி நடந்தார்கள்.

ஒரு கார்த்திகை மாதம் எங்கள் கவுன்சிலர் பதவியை விட்டுப் போக, இடைத்தேர்தல் வந்தது. அண்ணை எந்தக் கட்சியும் இல்லாமல் தானே நிற்பதென்று முடிவெடுத்தார். அதற்கு அந்த வட்டாரத்து வாக்காளர் பத்துப் பேர் கையெழுத்து வைக்க வேண்டும். வாக்காளர் பட்டியலில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுத வேண்டும். ஒன்று குறைந்தாலும் நிற்க முடியாது. வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

இங்கேதான் வினை. நம்மவர்கள் லண்டனில் வந்து இறங்கி நிரப்பிய முதல் படிவத்தில் 'குடும்பப் பெயர்' என்று ஒரு கட்டம் இருந்தது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பாவின் பெயரை எழுதிவிட்டோம். பட்டியலில் குடும்பப் பெயர்தான் முன்னால் வரும்; ஆகவே வீட்டுக்கு வீடு முதல் பெயராக நிற்பவர்கள், யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் என்றோ கண்ணை மூடிய அப்பாக்கள். லண்டனை எட்டிக்கூடப் பார்க்காதவர்கள். அண்ணைக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் அவருக்குப் பட்டியல் என்றால் பட்டியல்தான்.

திங்கள் நாலு மணிக்குப் புறப்பட்டார். மணி அடித்தால் யாரும் திறப்பதில்லை என்று, கதவில் கடிதம் போடும் துவாரத்தின் மூடியைத் தள்ளி, குனிந்து, உள்ளே கூப்பிட்டார்.

"சின்னத்துரை நிக்கிறாரோ?"

பதினாலாம் இலக்க வீட்டு ராணியக்கா உள்ளே உடுப்பு மடித்துக்கொண்டிருந்தார். சின்னத்துரை அவருடைய மாமனார். "ஐயோ மாதாவே!" என்று அவர் அலறியது எங்கள் வீட்டுக்குக் கேட்டது.

"அண்ணை, மாமா செத்து ஒன்பது வருசம்!"

"அது எனக்கும் தெரியும் தங்கச்சி. ஆனா அவர் இஞ்சதான் இருக்கிறார் எண்டு கவுன்சில் எழுதி வச்சிருக்கு. ஆராவது அவருக்காக ஒரு கையெழுத்து வையுங்கோ."

ராணியக்கா கதவைத் திறந்து, மாமனார் பெயரை எழுதிக் கொடுத்தார். இப்படியே செவ்வாய், புதன். விளக்கில்லாத தெருவில் மூடி கிறீச்சிடும் சத்தம், பிறகு அந்தக் குரல். "வல்லிபுரம் நிக்கிறாரோ?" "அருளப்பு நிக்கிறாரோ?" சிலர் ஆளைக் கிளப்பினால் போதுமென்று கையெழுத்து வைத்தார்கள். சிலர் வீடு கூட்டுகிற தும்புத்தடியை ஓங்கிக்கொண்டு வந்தார்கள். பத்தொன்பதாம் வீட்டில் அவர் கூப்பிட்டு முடித்ததும் மாடியில் யாரோ செருமினார்களாம். மாடியில் ஆளே இல்லை. அந்த வீட்டுக்காரர் அன்றைக்கே அப்பாவின் படத்துக்கு முன்னால் விளக்கேற்றி வைத்தார்.

வியாழக்கிழமை வந்தபோது ஒன்பது கையெழுத்து. மிச்சம் இருந்த வீடு என்னுடையது.

இந்தக் கதைகளையெல்லாம் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவன் நான். அவர் என் வீட்டை நெருங்க நெருங்க எனக்குச் சிரிப்பு வற்றியது. பட்டியலில் என் வீட்டு இலக்கத்துக்கு நேரே இருந்த பெயர் கதிரவேலு. என் அப்பா. ஊரில் போர் உச்சத்தில் இருந்தபோது செத்தார். விசா இல்லை, பாதை இல்லை. போய்க் கொள்ளி வைக்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதே இல்லை.

நாலு மணிக்கு வீட்டு விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, குசினித் தரையில் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தேன், நாற்பத்தைந்து வயதுக் கழுதை. காலடிச் சத்தம் இல்லை. மூடி மட்டும் கிறீச்சிட்டது. குளிர்காற்று தரையோடு வந்து காலைத் தொட்டது.

"கதிரவேலு நிக்கிறாரோ?"

சத்தியமாகச் சொல்கிறேன், நான் பதில் சொல்ல நினைக்கவே இல்லை.

"ஓம், வாறன்."

கட்டையான, கடைசியில் கொஞ்சம் இழுக்கிற குரல். என் வாயிலிருந்துதான் வந்தது. ஆனால் என் குரல் இல்லை. மாடியிலிருந்து மனைவி ஓடி வந்தாள்.

"இஞ்சேருங்கோ, ஆர் கதைச்சது? மாமான்ரை குரல் கேட்டுது!"

கதவைத் திறந்தேன். அண்ணை தாளை நீட்டினார். அவர் முகத்தில் ஆச்சரியம் என்று ஒன்றுமே இல்லை.

"நான் நினைச்சனான், ஆள் உள்ளதான் நிக்கிறார் எண்டு. இந்தாரும் பேனை."

கதிரவேலு என்று எழுதினேன். எழுதி முடித்ததும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதேன். அண்ணை தாளைக் கையில் எடுத்தார். மை காயும்வரை ஊதிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்.

தேர்தலில் படுதோல்வி. ஆனால் தைப்பொங்கலுக்குள் ஆறு விளக்கும் எரிந்தன. வென்றவர் வீட்டுத் துவாரத்திலும் தினமும் நாலு மணிக்கு, "லைற் எங்கை?" என்று ஒரு குரல் கேட்டதாகப் பேச்சு.

பிறகு அண்ணை மகளோடு தெற்கு லண்டனில் சட்டன் பக்கம் போய்விட்டார். ஒருநாள் போனில், "இஞ்ச லைற் எல்லாம் எரியுது தம்பி. குப்பையும் நேரத்துக்கு எடுக்கிறாங்கள். எனக்கு ஒரு வேலையுமில்லை," என்று சலித்துக்கொண்டார். இரண்டு குளிர்காலம் கழித்துச் செய்தி வந்தது.

போனேன். அதே கறுப்புக் கோட்டோடு படுக்க வைத்திருந்தார்கள். சனமெல்லாம் தேத்தண்ணிக்கு நகர்ந்த பிறகு, பெட்டிக்குள் குனிந்து மெதுவாகக் கேட்டேன்.

"மூண்டுவிசய அண்ணை நிக்கிறாரோ?"

கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் அங்கேயே காத்து நின்றேன்.