நாலரையின் சுக்கு மைதானம்

மட்டாஞ்சேரியில் சூரியனுக்கே ஷிப்ட் போட்டு வேலை வாங்கிய ஒரே மனிதர் நாலரைதான். காலையில் லேசாக மேகம் மூடியிருந்தால் போதும், முற்றத்தின் நடுவில் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டு, "எந்தா சேட்டா, இன்னிக்கும் லேட்டா? இங்க இருவது சாக்கு காயணும், கேட்டோ!" என்று வானத்தைப் பார்த்துச் சத்தம் போடுவார். பத்து நிமிடத்தில் வெயில் வந்துவிடும். தற்செயல் என்று நீங்கள் சொல்லலாம். எங்கள் கிடங்கில் அப்படிச் சொல்ல யாருக்கும் தைரியம் இருந்ததில்லை.

கிடங்கின் முன்வாசல் கடைத்தெருவில், பின்வாசல் காயலில். நாலு பக்கமும் ஓட்டுக் கட்டடம், நடுவில் சிமெண்ட் பூசிய பெரிய முற்றம். அங்கேதான் சுக்கு காயும். காயவைக்கிற வேலைக்கு நாலரை மேஸ்திரி. மாடியில் ஜன்னலோரமாக உட்கார்ந்து ஏற்றுமதிப் பேப்பர்களை டைப் அடிக்கிற குமாஸ்தா நான். அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. நகரசபையில் துப்புரவு வேலை பார்த்த அப்பா திடீரென்று போய்ச் சேர்ந்த வருடம் அது. வீட்டில் அம்மாவும் நர்சிங் படிக்கிற தங்கையும். இந்த வேலை போய்விட்டால் மூன்று பேரும் நடுத்தெருவில் என்று சதா பயந்துகொண்டிருந்தேன்.

நாலரைக்கு வருகைப் பதிவேட்டில் ஏதோ ஒரு பெயர் இருந்தது. அவரை அந்தப் பெயரில் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். காலை ஆறரைக்கு வந்து சுக்கைப் பரப்புவார். மணிக்கொரு தரம் புரட்ட வைப்பார். யாராவது ஒரு நிமிடம் கூடுதலாகச் சாயா குடித்தால் குடியே மூழ்கிப் போனது போலக் குதிப்பார். மூன்றரைக்குச் சுக்கெல்லாம் குவியலாகிவிட வேண்டும், நாலு மணிக்குத் தார்ப்பாய் மூட வேண்டும், நாலேகாலுக்கு முற்றம் பெருக்கியாக வேண்டும். இந்த அவசரமெல்லாம் முதலாளி மேல் உள்ள விசுவாசம் என்று முதல் நாள் நானும் நினைத்தேன். சரியாக நாலரைக்கு வேலை முடிந்த மணி அடித்தது. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, மிளகுச் சாக்குகளுக்குப் பின்னாலிருந்து ஒரு கால்பந்தை எடுத்தார் பாருங்கள், நாற்பது வயது மேஸ்திரி, அப்போது அந்த அவசரமும் புரிந்தது, பெயரும் புரிந்தது.

தூண்கள்தான் கோல் கம்பங்கள். சுமை தூக்குகிறவர்கள், வண்டிக்காரர்கள், சுக்குப் பொறுக்கும் பெண்கள் என்று யார் கிடைத்தாலும் ஆட்டக்காரர்தான். அவர் பக்கத்து கோல்கீப்பர் அம்மிணி சேச்சி, பொறுக்கும் பெண்களுக்குத் தலைவி. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றால் காற்றுகூட உள்ளே போகாது. இருபது வருடம் சாக்கு பிடித்த கைகள் அவை. எதிராளி கோல் போட்டுவிட்டால் மட்டும், "அது கோல் இல்லா, என் கண்ணுல தூசி" என்பார். சேச்சியின் கண்ணில் தூசி விழுந்தால் கோல் செல்லாது என்பது எங்கள் கிடங்கின் தனிச் சட்டம்.

நான் சேர்ந்த இரண்டாம் நாள், சாயா வாங்க முற்றத்தைக் கடந்தபோது பந்து என் காலடிக்கு உருண்டு வந்தது. யோசிக்காமல் இடது காலால் உதைத்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் இடது பக்கம் ஓடி விளையாடியவன் நான். பழக்க தோஷம். நாலரை பந்தைப் பார்க்கவில்லை, என் காலைத்தான் பார்த்தார். புதையல் கண்டவர் முகம் அப்படித்தான் இருக்கும்.

"எடோ! எடத்து காலா?"

"ஆமா சேட்டா."

"தெய்வமே! ஆறு வருஷமாத் தேடறேன். நீ அந்த மாடில போயி என்ன செய்யற?"

அன்றிலிருந்து தினமும் நாலரைக்கு ஜன்னலுக்குக் கீழே நின்று குரல் கொடுப்பார். "எடோ பேப்பரே! எறங்கி வா!" பேப்பர் வேலை பார்த்ததால் என் பெயர் பேப்பர். நான் எட்டிப் பார்த்து, "நாளைக்கு, சேட்டா!" என்பேன். மணி அடித்தால் எனக்கும் வேலை முடிந்ததுதான். ஆனால் ஏழு மணி வரை உட்கார்ந்திருப்பேன். முடித்த பேப்பரையே இன்னொரு தரம் சரிபார்ப்பேன். முதலாளி போகும்போது நான் நாற்காலியில் இருக்க வேண்டும், பொறுப்பான பையன் என்று அவர் நினைக்க வேண்டும். கீழே பந்து சுவரில் மோதுகிற ஒவ்வொரு சத்தத்துக்கும் மேஜைக்கடியில் என் இடது கால் மட்டும் தானாகத் துள்ளும்.

நாலரையின் ஆட்ட வெறி ஒருநாள் வியாபாரத்துக்குள்ளேயே புகுந்துவிட்டது. சுக்கு வெள்ளையாகத் தெரிவதற்காக, வாங்குகிறவர்கள் சிலர் சுண்ணாம்பு நீரில் நனைத்துக் கேட்பார்கள். மிஞ்சிய சுண்ணாம்பில் நாலரை மைதானக் கோடுகள் போட்டு வைத்திருந்தார். கோல் முன்னால் இருக்கிற பெட்டிக் கோடு உட்பட. டில்லியிலிருந்து வாங்க வந்தவர் ஒருவர், கோட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் சுக்கு கிடப்பதைப் பார்த்து, இது எதற்கு என்று கேட்டுவிட்டார். பக்கத்தில் முதலாளி. வாங்க வந்தவரிடம் பந்து விளையாட என்று சொன்னால் முதலாளி ஆட்டத்தையே நிறுத்திவிடுவார். நாலரைக்கு வேர்த்தது.

"அது வந்து சாரே, உள்ள கெடக்கறது ஸ்பெஷல்."

வந்தவர் உள்ளேயிருந்து ஒரு துண்டும் வெளியேயிருந்து ஒரு துண்டும் எடுத்து மென்றார். கண்ணை மூடினார். உள்ளே இருப்பதில்தான் காரம் அதிகம் என்று தீர்ப்பளித்தார். இரண்டும் ஒரே சாக்கிலிருந்து கொட்டியவை! அடுத்த வாரம் ஆர்டர் வந்தது: கோட்டுக்குள் காய்ந்த சுக்கு மட்டும் வேண்டும். பேப்பரில் அதை எப்படி எழுதுவது என்று நான் விழித்தேன். முதலாளி ஒன்றும் கேட்கவில்லை, கோடுகளை யாரும் அழிக்கக் கூடாது என்று மட்டும் உத்தரவு போட்டார். நாலரை அன்று மாலையே நடு வட்டத்தையும் வரைந்துவிட்டார். "இருக்கட்டும், பம்பாய்க்காரன் வந்தா அது காட்டலாம்."

இன்னொரு நாள் அவர் உதைத்த பந்து காயலில் போன சரக்கு வள்ளத்தில் விழுந்து, வெலிங்டன் தீவுக்கே போய்விட்டது. மறுநாள் அங்கேயுள்ள துறைமுக ஆபீஸில் பேப்பர் கொடுக்க நான் போக வேண்டியிருந்தது. "வர்றப்போ அதையும் கூட்டிட்டு வா" என்றார், பள்ளிக்கூடம் விட்ட பிள்ளையைச் சொல்வது போல. படகுத் துறைச் சாயாக்கடையில் வள்ளக்காரர் பந்தை விட்டுப்போயிருந்தார். ஒரு கையில் ஃபைல், மறு கையில் பந்தோடு வரிசையில் நின்றேன். ஜன்னலுக்குள்ளிருந்த அதிகாரி கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"இது என்ன, சாம்பிளா?"

நான் விளக்கினேன். அவர் பந்தை வாங்கி இரண்டு தரம் அழுத்திப் பார்த்து, "காத்து கம்மியா இருக்கு" என்று கவலையோடு திருப்பிக் கொடுத்தார். திரும்பும் படகில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கரை வந்தபோது எனக்கு இறங்க மனமில்லை.

ஒரே ஒருநாள் நான் மாடியிலிருந்து ஆட்டத்துக்கு இறங்கினேன். அன்று மதியமே நெட் போய்விட்டது. கணினியில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது, அதையே பார்த்தபடி நாலரைக்கு மேலும் உட்கார்ந்திருந்தேன். மாடிப்படியில் சத்தம். அதுவரை மாடிக்கே வராத நாலரை, சுண்ணாம்புக் காலோடு வாசலில் நின்றார்.

"நெட்டு வர்றப்போ வரட்டும். அதுக்கு நீ காவல் நிக்கணுமா? இங்க நோக்கு, எனக்கு உன் பேர்ல பாசம் ஒண்ணும் இல்ல. எடத்து பக்கம் ஆள் வேணும், அத்தனைதான்."

செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போனேன். நாற்பது நிமிடம். ஓடினேன், விழுந்தேன், முட்டி கிழிந்தது, பேண்ட் முழுக்கச் சுண்ணாம்பு. ஒரு பந்தைக் குறுக்கே தூக்கிக் கொடுத்தேன். நாலரை அதைத் தலையால் முட்டி கோல் போட்டுவிட்டு, கைலி அவிழ்வதுகூடத் தெரியாமல் முற்றத்தைச் சுற்றி ஓடினார். அம்மிணி சேச்சி கண்ணைப் பொத்திக்கொண்டு, "இப்போ நெஜமாவே தூசி விழட்டும் தெய்வமே!" என்று அலறினார். அப்பா போன பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

மேலே வந்தால், என் ஜன்னலில் முதலாளி. அவசரமாகப் பேண்ட்டைத் தட்டினேன். அவர் என்னைத் தலை முதல் கால் வரை பார்த்துவிட்டுச் சொன்னார்: "நல்லா ஆடறியே! இத்தனை நாளு எதுக்கு இங்கயே இருந்த?"

அவ்வளவுதான். திட்டவில்லை, முறைக்கவில்லை. ஆனால் மறுநாள் நாலரைக்குக் குரல் வந்தபோது, என் வாய் பழைய பதிலையே சொன்னது. ஒருநாள் போனால் தினமும் போகத் தோன்றும், தினமும் போனால் வேலை கெடும், வேலை கெட்டால் வீடு என்னாகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை என்பதுதான் இன்றுவரை உறுத்துகிறது. மாடிக் கதவை உள்ளிருந்து பூட்டியவன் நான்தான்.

கிடங்கில் சேர்ந்து நாலு வருடம் கழித்து வெலிங்டன் தீவில் பெரிய வேலை கிடைத்துப் போய்விட்டேன். தங்கை நர்ஸானாள். அம்மா நிம்மதியாக இருக்கிறாள். பொறுப்பான பையன் என்ற பெயர் ஊரில் நிலைத்துவிட்டது. கிடங்கு இப்போது காபிக் கடை. சுக்கு கிடந்த இடத்தில் குடை விரித்து, சுற்றுலாக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். சுக்கு காயவைக்க முதலாளி களமசேரியில் மிஷின் போட்டுவிட்டார், நாலரையும் அங்கே போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்ததிலேயே ஒன்பது வருடம் ஓடிவிட்டது.

போன வாரம் படகில் அம்மிணி சேச்சியைப் பார்த்தேன். முடி முழுக்க நரைத்துவிட்டது. குரல் மட்டும் அதே அதிகாரத்தோடு.

"நீ ஒரு துஷ்டன்டா பேப்பரே. நீ மாடில இருந்த அந்த நாலு வருஷமும் நம்ம நாலரை எடத்து பக்கம் வேற ஆளை நிறுத்தல்ல, தெரியுமோ? ஆறு பேருக்கு அஞ்சு பேரா ஆடித் தோப்போம். ஆளைப் போடுடான்னா, 'அது பேப்பரோட எடம், எப்போ வேணாலும் எறங்குவான்'னு சொல்லிடுவான்."

சேச்சி தன் போனிலிருந்து நாலரையின் நம்பரைக் கொடுத்தார். படகு கரை சேருவதற்குள் கூப்பிட்டுவிட்டேன். பேப்பர் என்று பெயரைச் சொன்னேன்.

"முட்டி எப்படி இருக்கு?" என்றார்.

"படி எறங்கறப்போ வலிக்குது, சேட்டா."

"எனக்கும்தான். அப்போ சரி, ரெண்டு பேரும் ஓட வேண்டாம், பந்து ஓடட்டும். மிஷின் வந்தப்புறம் சூரியனோட சண்டை இல்ல. ஞாயித்துக்கிழமை ஃபுல்லா கிரவுண்டுதான். மெட்ரோல ஏறி வா."

இதை எழுதுவது சனிக்கிழமை. நாளைக் காலைக்கு மெட்ரோ எத்தனை மணிக்கு என்று மூன்று தரம் பார்த்துவிட்டேன். இத்தனை வருடங்களில் பேப்பர் கேட்டு என்னைத் தேடி வந்தவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். விளையாடக் கூப்பிட வந்தவர் அவர் ஒருவர்தான்.