பொதுமக்கள் நிலவரப் பதிவேடு

நடந்ததை முன்னுக்குப்பின் முரணாகச் சொல்லிக் குழப்பிவிடுவோமோ என்று தையல்காரம்மாவுக்கு இன்றைக்கும் பயம். ஏழாம் வகுப்போடு நின்றவள். அணு உலையைப் பற்றி வாயைத் திறந்தால் நாலு பேர் சிரிக்க மாட்டார்களா? ஆனாலும் நடந்தது இதுதான்.

ஆற்றுக்கு அக்கரையில் இருந்த அணுமின் நிலையத்தில் "சிறு நிகழ்வு" ஒன்று ஏற்பட்டது. பொதுமக்கள் வழக்கமான அளவுக்கு மேல் கவலைப்பட வேண்டாமென்று அரசு கேட்டுக்கொண்டது. வீட்டில் எட்டு மாதக் கர்ப்பிணி மகளை வைத்திருந்த தையல்காரம்மாவுக்கு வழக்கமான அளவே தலைக்கு மேல். விடிந்ததும் தகவல் மையத்துக்கு ஓடினாள்.

"தம்பி, பிள்ளைத்தாச்சிப் பொண்ண வீட்டுலயே வெச்சுக்கலாமா, வெளியூர் கூட்டிட்டுப் போகணுமா?"

குமாஸ்தா ஒரு தடித்த பதிவேட்டைப் பிரித்தார். "இப்ப என்ன பண்ணியிருக்கீங்க?"

"பயத்துல எல்லா ஜன்னலையும் சாத்திட்டேன். கதவிடுக்குல ஈரத்துணி வெச்சிருக்கேன்."

"என்ன துணி?"

"ஜாக்கெட் வெட்டின மிச்சம்ப்பா. நீலத்துணி."

'நீலம்' என்று எழுதி அடிக்கோடிட்டார்.

"நான் கேட்டதுக்குப் பதில்?"

"சாயங்காலம் ரேடியோவுல வரும்மா."

வந்தது. "நிபுணர்களின் ஆலோசனைப்படி, பொதுமக்கள் ஜன்னல்களைச் சாத்தி, கதவிடுக்குகளில் ஈரமான நீலத்துணி வைத்துள்ளனர்."

அரை மணி நேரத்தில் தெருவே தையல்காரம்மா வாசலில் நின்றது.

"அக்கா, ஒரு முழம் நீலம் குடுங்க!"

"பச்சை வேலைக்கு ஆகாதா?"

மறுநாள் அவள் குமாஸ்தாவைப் பிடித்துக்கொண்டாள். "தம்பி, அது நான் சொன்னதுதானே?"

"நேத்து நீங்க சொன்னீங்க. அப்புறம் ரேடியோ சொல்லுச்சு. ரெண்டும் ஒத்துப்போறதால உறுதியாயிடுச்சு." அவர் குரலைத் தாழ்த்தினார். "எங்க வீட்டுலயும் வெச்சாச்சும்மா. வெளிர்நீலம்தான் கிடைச்சுது. பரவாயில்லையா?"

தையல்காரம்மாவுக்குப் புரிந்துபோனது. இவரே நம்மிடம் கேட்கிறார் என்றால், அங்கே யாருக்கும் ஒன்றும் தெரியாது!

"நான் எம்பொண்ண கூட்டிக்கிட்டு நாலு மணி பஸ்ல நாத்தனார் வீட்டுக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். பின்னால் பேனா கீறும் சத்தம் கேட்டது.

அன்று ரேடியோ மதியமே பேசியது. "கர்ப்பிணிகளும் குடும்பத்தாரும் நான்கு மணிப் பேருந்தில் தத்தம் நாத்தனார் இல்லங்களுக்குச் செல்வது உகந்தது."

பஸ்ஸில் எள் போட இடமில்லை. "எனக்கு நாத்தனாரே இல்லையே, கொழுந்தியா வீடு ஆகுமா?" என்று ஒரு பால்காரர் தவித்துக்கொண்டிருந்தார். படிக்கட்டில், மனைவியின் மூட்டைமேல் பதிவேட்டை வைத்தபடி குமாஸ்தா.

டிரைவர் பக்கத்து ரேடியோ அதே அறிவிப்பை மறுபடி வாசித்தது. கேட்டதும் தையல்காரம்மாவுக்கு இரண்டு நாளாக அடைத்திருந்த நெஞ்சு லேசானது.

"பாத்தியாடி, நாம கிளம்பினது சரிதான். கவர்மெண்டே சொல்லிடுச்சு."

"அது நீ சொன்னதும்மா!" என்றாள் மகள்.

"சும்மா இருடி. நிபுணருங்களுக்குத் தெரியாததா?"

எதற்கும் இருக்கட்டுமென்று தையல்காரம்மா, மகள் பக்கமிருந்த ஜன்னலை இழுத்துச் சாத்தினாள். பட், பட் என்று பஸ் முழுக்க ஜன்னல்கள் சாத்திக்கொண்டன.