முன்பாரம் இல்லாத வீட்டு வண்டி

முப்பத்தோரு வருஷம் நான் முத்திரை ஆய்வாளராக இருந்தேன். கடைத் தராசுகளையும் எடைக்கற்களையும் சோதித்து முத்திரை வைக்கிற வேலை. நான் கோவில்பட்டி மார்க்கெட்டுக்குள் நுழைந்தால் தராசுகள் தாமாகவே நேராகிவிடும் என்று சொல்வார்கள் (சொன்னது நான்தான், மறுத்தவர் யாருமில்லை). அப்படிப்பட்டவன் எடை விஷயத்தில் செய்யக்கூடிய மிகக் கேவலமான தவறு எதுவோ, அதை அறுபத்தெட்டாவது வயதில், ஒரு பங்குனி உத்திரத்தன்று காலை பத்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்குச் செய்து முடித்தேன். இருபது வயதில் செய்திருந்தால் அறியாமை என்று விட்டுவிடலாம். அறுபத்தெட்டில் செய்ததற்கு ஒரே பெயர்தான் உண்டு. அதை என் மனைவி கோமதி அன்றைக்கே சொல்லிவிட்டாள். இங்கே எழுத முடியாது.

எங்கள் குலதெய்வம் புதூர்ப் பக்கம், கரிசல் காட்டுக்கு நடுவே இருக்கிற ஒரு சாஸ்தா. கோயிலைச் சுற்றி நாலு பக்கமும் வெடித்த மண், பதினோரு வேலிக்கருவை மரங்கள், வேறொன்றும் கிடையாது. பங்குனி உத்திரத்துக்குப் பங்காளிகள் எல்லோரும் அங்கே கூடிப் பொங்கல் வைப்போம். மூத்தவன் மனைவி என்பதால் முதல் அடுப்பைப் பற்றவைப்பது கோமதி. அவள் பற்றவைத்த பிறகுதான் மற்ற அடுப்புகள் எரியும். ஆனால் ஒரு விதி உண்டு. தொடர்ந்து மூன்று வருஷம் வராதவளுடைய அடுப்பு வரிசையில் கடைசிக்குப் போய்விடும்.

கோமதி இரண்டு வருஷமாகப் போகவில்லை. இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன். காலை மடக்கிக் குத்தவைக்க முடியாது. ஒரு நாள் முழுக்கத் தங்க வேண்டிய அந்தப் பொட்டல் காட்டில், ஒதுங்குவதற்கு இருப்பதெல்லாம் அந்தப் பதினோரு வேலிக்கருவைதான். இது மூன்றாவது வருஷம். அடுத்த அடுப்புக்காரி என் தம்பி மனைவி பார்வதி. அவள் அந்த வருஷம் புதுப் பானை வாங்கி வைத்துவிட்டாள் என்ற செய்தி எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. கோமதி இரண்டு வேளை சாப்பிடவில்லை.

அப்போதுதான் என் மைத்துனன் கணேசன், கேட்காமலேயே யோசனை சொல்கிற தன் பரம்பரைக் குணத்தோடு வந்தான்.

“அத்தான், கோயம்புத்தூர்ல ஒரு பட்டறையில வீட்டு வண்டி ஒண்ணு கிடக்கு. எவனோ செய்யச் சொல்லிட்டு வாங்காம விட்டுட்டான். உள்ள கட்டில் இருக்கு, அடுப்பு இருக்கு, உக்காருத மாதிரி கக்கூஸ் இருக்கு. நம்ம பிக்கப்புக்குப் பின்னால மாட்டி இழுத்துட்டுப் போயிருவோம்.”

கணேசனின் பிக்கப் தீப்பெட்டிப் பண்டல் ஏற்றுகிற வண்டி. பார்க்க மலை மாதிரி பாரம் ஏற்றிக்கொண்டு போகும். தூக்கிப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. அவனைப் போலவே. அந்த வீட்டு வண்டியோ பதினெட்டடி நீளம். இரண்டே சக்கரம், அதுவும் நடுவில். முன்னால் ஒரு இரும்புக் கை நீண்டிருக்கும். அதைப் பிக்கப்பின் பின்னால் இருக்கிற குண்டின்மேல் கவிழ்த்து மாட்ட வேண்டும். வாசலில் வந்து நின்றபோது வீட்டுக்கு வீடே வந்து பெண் கேட்பதுபோல இருந்தது. பிக்கப் அதற்கு முன்னால் வெட்கப்பட்டுக்கொண்டு நின்றது.

நான் சும்மா விடுவேனா? ஏற்றப்போகிற அறுபத்து மூன்று சாமான்களையும் நிறுத்தேன். தண்ணீர் இரண்டு டிரம், இருநூறு கிலோ. (கோயிலுக்குத் தண்ணீர் டிராக்டர் வரும் என்று தெரியும். அது என் தண்ணீர் ஆகுமா?) விறகு எண்பது. அரிசி ஐம்பது. பித்தளைப் பாத்திரம் முப்பத்தெட்டு. சில்லறை நாற்பத்து நாலு. ஆக நானூற்றுப் பன்னிரண்டு. வண்டியின் வெற்று எடை எழுநூற்றுத் தொண்ணூறு. மொத்தம் ஆயிரத்து இருநூற்றிரண்டு. பிக்கப் ஆயிரத்து ஐந்நூறு இழுக்கும். மீதி இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு கிலோ இடம் இருக்கிறது! டயரில் காற்றை மூன்று தரம் பார்த்தேன். பின் விளக்கை ஏழு தரம் போட்டு அணைத்தேன். கோவில்பட்டியிலிருந்து கோயில் வரைக்கும் பதினேழு வேகத்தடை என்று முந்தின நாளே போய் எண்ணிவிட்டு வந்தேன். இத்தனையும் செய்தவனுக்கு ஒரு பொருள் எத்தனை கிலோ என்று தெரியும். அதை எங்கே வைக்க வேண்டும் என்பது மட்டும் தெரியாது.

அதைத் தெரிந்த மாதிரி வந்து சொன்னவன் என் தம்பி, பார்வதியின் புருஷன் ஆறுமுகம். அவன் எங்கள் குடும்பத்துச் சாமியாடி. சாமியின் பட்டும் சலங்கையும் இருக்கிற பெட்டி அவன் பொறுப்பு.

“அண்ணே, சாமிப் பெட்டிதான் முன்னால போகணும். பெட்டிக்கு முன்னாலயும் பக்கத்துலயும் ஒரு சாமான் இருக்கப்பிடாது. அரிசி, விறகு, தண்ணி எல்லாத்தையும் பின்னால தள்ளு.”

“பெட்டி எத்தன கிலோ இருக்கும்லே?”

“சாமியவா நிறுக்கப் போறே?”

(நிறுத்தேன். நாலு கிலோ இருநூறு கிராம். அவனிடம் இன்றுவரை சொல்லவில்லை.)

ஆக, பதினெட்டடி வண்டியின் முன்பாதியில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்து, அதன்மேல் நாலேகால் கிலோவுக்கும் குறைவான ஒரு பெட்டி. பின்பாதியில் உலகத்தில் உள்ள மற்ற எல்லாம். நான் பக்கத்தில் நின்று பட்டியலில் டிக் போட்டுக்கொண்டிருந்தேன்.

காலை எட்டரைக்குக் கிளம்பினோம். கணேசன் ஓட்டினான். நடுவில் நான், ஓரத்தில் கோமதி. ஆறுமுகம் பிக்கப்பின் பின்தட்டில் வாழையிலைக் கட்டுகளுக்கு நடுவே, வீட்டு வண்டியின் முன்கண்ணாடி வழியாகச் சாமிப் பெட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டான். முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும்வரை ஒரு குறையுமில்லை. ஸ்டியரிங் கொஞ்சம் இலேசாக இருக்கிறது என்று கணேசன் சொன்னான். அதை அவன் தன் திறமை என்று எடுத்துக்கொண்டான்.

“ஏலே கணேசா, உச்சிக்கு முன்னால போய் அடுப்பப் பத்தவைக்கணும்லே. பார்வதி கல்லு கூட்டியிருப்பா,” என்றாள் கோமதி.

கணேசன் ஐம்பதுக்கு ஏற்றினான்.

முதலில் யாரோ பின்னாலிருந்து எங்களைச் செல்லமாகத் தட்டுவதுபோல இருந்தது. பிறகு செல்லம் போய்விட்டது. வண்டியின் பின்பக்கம் இடதும் வலதுமாக அலைந்தது. கண்ணாடியில் பார்த்தால் வீட்டு வண்டி ஒரு முறை இந்தப் பக்கம் தெரிகிறது, ஒரு முறை அந்தப் பக்கம் தெரிகிறது. நான் எண்ண ஆரம்பித்தேன். ஆறாவது ஆட்டத்தில் பின்தட்டிலிருந்து ஆறுமுகத்தின் குரல் கேட்டது.

“பெட்டி ஆடுது! அண்ணே, பெட்டி ஆடுது! சாமி வருதுடோய்!”

அவனுக்கு அருள் வந்துவிட்டது. ஓங்காரமாக ஒரு சத்தம் போட்டான். கோமதி கண்ணை மூடிக் கைகூப்பினாள். இதுவரைக்கும் பாதகமில்லை. ஓட்டிக்கொண்டிருந்த கணேசனும், ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்து, “எப்பா, சாஸ்தா!” என்று கும்பிட்டான்.

“கையப் பிடிலே! கையப் பிடி!” என்று நான் கத்தினேன்.

அவன் என் கையைப் பிடித்தான். பிறகு சுதாரித்து, மிச்சமிருந்த ஒரே தவறையும் செய்தான். பிரேக்கை முழுசாக மிதித்தான். வீட்டு வண்டி எங்களை முந்திப் பார்க்க ஆசைப்பட்டதுபோலப் பக்கவாட்டில் வந்தது. குண்டிலிருந்து கொக்கி கழன்றது. பதினெட்டடி வீடும் சாலையை விட்டு இறங்கி, உளுந்து எடுத்த காட்டில் இருபத்தேழு தப்படி (பிறகு நடந்து பார்த்தேன்) ஓடிக் குடை சாய்ந்தது. பிக்கப் சாலைக்குக் குறுக்கே நின்றது. மணி பத்து பன்னிரண்டு.

யாருக்கும் காயமில்லை. ஆறுமுகம் வாழையிலைக் கட்டுக்குள் தலைகீழாகக் கிடந்தான். சாமி இறங்கிவிட்டிருந்தது. சாமிப் பெட்டி ஒரு கீறலும் இல்லாமல் கோமதியின் தலையணைமேல் விழுந்திருந்தது. “பாத்தியா மகிமைய!” என்றான் ஆறுமுகம். இருநூறு லிட்டர் தண்ணீரும் அரிசியோடு சேர்ந்து கரிசல் வெடிப்புக்குள் போய்க்கொண்டிருந்ததை அவன் பார்க்கவில்லை.

கோமதி சாலையோரக் கல்லில் உட்கார்ந்து சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

அந்த நேரத்தில் கோயிலுக்குத் தண்ணீர் கொண்டு போகிற டிராக்டர் வந்து நின்றது. ஓட்டியவர் பெயர் சுப்பையா. இறங்கி வந்து கவிழ்ந்த வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு என்னிடம் மிக மரியாதையாகக் கேட்டார்.

“அண்ணாச்சி, உங்க குடும்பத்துல மாட்டு வண்டில பருத்தி ஏத்துன ஆளு யாராச்சும் உண்டுமா?”

“எங்க அப்பா ஏத்தியிருக்காரு.”

“அவிய இருந்திருந்தா செருப்பக் கழட்டியிருப்பாவ. முன்பாரம் இல்லாம யாராச்சும் வண்டி கெட்டுவாவளா? பின்னால கனத்தா மூக்கு மேல தூக்கும். மூக்கு தூக்குனா வாலு ஆடும். உங்க பிக்கப்போ தீப்பெட்டி தூக்குத நோஞ்சான். அது இத இழுக்கல அண்ணாச்சி, இதுதான் அதப் பிடிச்சு ஆட்டிருக்கு. பாதிக்கு மேல பாரம் சக்கரத்துக்கு முன்னால இருக்கணும், பாத்துக்கிடுங்க. ஆட ஆரம்பிச்சா பிரேக்குல கால வைக்கப்பிடாது. ஆக்சிலேட்டர விட்டுட்டு, ஸ்டியரிங்க நேரா கெட்டியாப் பிடிச்சிருக்கணும்.” கணேசன் பக்கம் திரும்பினார். “நீரு என்ன செஞ்சீரு?”

“கும்பிட்டேன்,” என்றான் கணேசன்.

சுப்பையா வெகுநேரம் சிரித்தார். முப்பத்தோரு வருஷம் ஊருக்கெல்லாம் எடைக்கல்லில் முத்திரை வைத்தவன் உளுந்துக் கட்டையில் நின்றுகொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவரிடம் என் பதினான்கு பக்கப் பட்டியலைக் காட்டலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். (நல்லவேளை, காட்டவில்லை.)

அப்போது கோமதி முகத்திலிருந்து தலைப்பை எடுத்தாள்.

“ஏலே கணேசா, உள்ள அந்தக் கக்கூஸ் உடைஞ்சிருக்கா?”

கணேசன் தவழ்ந்து போய்ப் பார்த்தான். “உடையலக்கா.”

“அதக் கழட்டு. எனக்கு வேண்டியது அதுதான். மிச்ச வீட்ட உங்க அத்தானையே வச்சுக்கிடச் சொல்லு.”

நாலு போல்ட். நாற்பத்தொரு நிமிடம். வெள்ளைப் பீங்கானில், மூடியோடு, அது வெளியே வந்தது. சாமிப் பெட்டியைக் கோமதி மடியில் வைத்துக்கொண்டு பிக்கப்பின் முன்சீட்டில் ஏறினாள். பீங்கானைப் பின்தட்டில் வைத்தோம். கயிறு போதவில்லை.

“காட்டுப் பாதையில குதிக்கும், அண்ணாச்சி. மேல பாரம் வேணும்,” என்றார் சுப்பையா.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் எடை எழுபத்தொன்று. மூடியைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தேன். அன்றைக்குச் சரியான இடத்தில் வைக்கப்பட்ட ஒரே பாரம் நான்தான்.

ஆறு கிலோமீட்டர். பாதையில் வந்த ஆடுகள் ஒதுங்கி நின்று பார்த்தன. பெண்கள் நிறைந்த ஒரு ஷேர் ஆட்டோ எங்களை முந்திப் போய், வேகத்தைக் குறைத்து, மறுபடியும் எங்களோடு சேர்ந்தே வந்தது. கோயில் தெரிந்ததும் ஆறுமுகத்துக்கு மீண்டும் அருள் வந்துவிட்டது. என் பக்கத்தில் நின்றுகொண்டு, கையில் வேப்பிலையை வைத்து, என் தலைக்கு மேலே சுழற்றினான். சாமிப் பெட்டி வருகிறது என்று காத்துக்கொண்டிருந்த மேளக்காரர்கள் வண்டியைக் கண்டதும் அடிக்க ஆரம்பித்தார்கள். பெண்கள் குலவையிட்டார்கள். புழுதி அடங்கியது. பங்காளி வீடுகள் பத்தொன்பதும், உறவுமுறைகளும், பொரிகடலைக்காரர்கள் இரண்டு பேரும் பார்க்க, மேளதாளத்தோடு, வேப்பிலை வீச்சோடு, வெள்ளைக் கக்கூஸில் வீற்றிருந்து நான் என் குலதெய்வத்தின் முன் வந்து சேர்ந்தேன்.

மேளம் ஒவ்வொன்றாக நின்றது.

“அது யாரு, பெரியத்தானா?” என்று ஒரு குரல். பார்வதியுடையது. “அவிய எதுல உக்காந்திருக்காவ?”

கோமதி எதையும் காதில் வாங்கவில்லை. பெட்டியை ஆறுமுகத்திடம் கொடுத்துவிட்டு, விந்தி விந்தி நடந்து, சுப்பையா போட்ட ஸ்டூலில் உட்கார்ந்து, முதல் அடுப்பைப் பற்றவைத்தாள். மணி பதினொன்று ஐம்பத்திரண்டு. அரிசி பார்வதி கொடுத்தது. அவளே பக்கத்தில் நின்று ஊதிவிட்டாள்.

கோயிலுக்குப் பின்னால் குழி தோண்டி, தார்ப்பாயை நாலு கம்பில் சுற்றிக் கட்டி, பீங்கானை உட்கார வைத்தோம். கோமதி ஒருத்திக்குத்தான் என்று நினைத்தேன். சாயங்காலத்துக்குள் முப்பத்து நாலு பெண்கள் வரிசையில் நின்றார்கள். முதலில் நின்றவள் பார்வதி. அவளுக்கும் இரண்டு வருஷமாக முழங்கால் வலியாம். யாரிடமும் சொன்னதில்லையாம்.

வீட்டு வண்டி இன்றும் அந்த உளுந்துக் காட்டில்தான் கிடக்கிறது. காட்டுக்காரர் நிமிர்த்தி வைத்துத் தன் இருபத்து மூன்று ஆடுகளை அதில் அடைக்கிறார். அவை எந்தப் பக்கம் படுத்தாலும் வண்டி ஆடுவதில்லை.

அடுத்த பங்குனிக்குள் பங்காளிகள் கூடிச் செங்கல் வைத்து அறை கட்டி, கதவு போட்டார்கள். கோயிலில் மணி வாங்கிக் கொடுத்தவர் பெயர் மணியில் இருக்கிறது, குத்துவிளக்கு கொடுத்தவர் பெயர் விளக்கில் இருக்கிறது. அதனால் இதிலும் பெயர் எழுத வேண்டும் என்று ஆறுமுகம் தீர்மானம் கொண்டுவந்தான். வேண்டவே வேண்டாம் என்று நான் எழுந்து நின்று பேசினேன். நாற்பத்தொன்றுக்கு ஒன்று என்று நிறைவேறியது. நாற்பத்தொன்றில் கோமதியும் உண்டு. கதவில் நீலப் பெயின்ட்டில், என் முழுப் பெயரும் பதவியும் எழுதி, மேலே ‘உபயம்’ என்று போட்டிருக்கிறார்கள்.

“மணியில இருக்கிற பேர எவளாவது நின்னு வாசிக்காளா? உங்க பேர வாசிக்காத பொம்பள இந்த வகையறாவுல உண்டா?” என்கிறாள் கோமதி.

அதோடு விட்டிருந்தால்கூடப் போகட்டும். உபயதாரர் என்றால் பராமரிப்பும் அவர்தான் என்று வைத்துவிட்டார்கள். ஆறு வருஷமாக ஒவ்வொரு பங்குனி உத்திரத்துக்கும், முதல் பானை பொங்குகிற நேரமாகப் பார்த்து, கோயிலுக்குப் பின்னாலிருந்து பார்வதி குரல் கொடுக்கிறாள்: “பெரியத்தான்! தாழ்ப்பாள் ஆடுது, என்னன்னு வந்து பாருங்க!” எல்லோரும் குலவையை நிறுத்திவிட்டுச் சிரிக்கிறார்கள். நான் ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு எழுந்து போகிறேன்.