பிரியா நிறுத்திய லாரி

அபிநந்தன் காலையில் எழுந்தான். பல் துலக்கினான். குடத்துத் தண்ணீரை வெள்ளைத் துணியில் வடிகட்டி அடுப்பில் வைத்தான். பால் காய்ச்சினான். தோசை ஊற்றிப் பொடி தொட்டுச் சாப்பிட்டான். தட்டைக் கழுவிக் கவிழ்த்தான். பிறகு லேப்டாப்பைத் திறந்து, லாரி நின்ற இடத்திலேயே நிற்கிறதா என்று பார்த்தான். நின்றது. மூடிவிட்டு நெல் விற்பனைக்கூடத்துக்கு வேலைக்குப் போனான்.

ஒரு வருடமாக இதுதான் காலை.

லாரி ஒரு பழைய வீடியோ கேமில் இருந்தது. ஐரோப்பாவில் ஏதோ ஒரு மலைச்சாலை. கண்ணாடி லோடு ஏற்றிய நீல லாரி ஒன்று ஓரமாக, இண்டிகேட்டர் மினுங்க நின்றிருந்தது. அவன் மனைவி ஜினப்பிரியா கடைசியாக நிறுத்திய இடம் அது. உடம்பு முடியாமல் படுத்திருந்த மாதங்களில் அவளுக்கு அதுதான் பொழுதுபோக்கு. மாலையில் அவன் வேலை முடிந்து வரும்போதெல்லாம் லேப்டாப் அவள் மடியில் இருக்கும். திரையில் லாரி இருக்கும். அவள் போன பிறகு அவன் தினமும் அதைத் திறந்து பார்த்தான். ஓட்டவில்லை. ஓட்டினால் லாரி நகர்ந்துவிடும்.

தொண்டூரிலிருந்து மாமியார் விஜயா போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமையோடு வருடம் திரும்புகிறது, வருகிறேன் என்றாள். மகள் உடம்பு முடியாமல் இருந்தபோது கூடவே இருந்து பார்த்துக்கொண்டவள். காரியம் முடிந்து ஊருக்குப் போனதோடு சரி, பிறகு இந்த வீட்டுப் பக்கம் வரவில்லை.

வருகிறவளுக்குக் காட்ட ஏதாவது வேண்டும் என்று அபிநந்தனுக்குத் தோன்றியது. புடவைகளை அன்றைக்கே கொடுத்தனுப்பியாயிற்று. சுவரில் இருக்கும் போட்டோ தொண்டூர் வீட்டுச் சுவரிலும் இருக்கிறது. மிச்சம் லாரிதான்.

இரண்டு பேர் உட்கார்ந்து பார்க்கட்டும் என்று லேப்டாப்பை ஹாலில் இருந்த பெரிய டிவியில் இணைத்தான். அங்கேதான் தொல்லை ஆரம்பித்தது. சின்னத் திரையில் லாரியாக இருந்தது பெரிய திரையில் ஊறிப்போன சோப்புக்கட்டியாக இருந்தது. மரங்கள் அட்டையில் வெட்டி ஒட்டியவை. மலையைப் பார்த்தால் யாரோ பச்சை பெயின்ட் டப்பாவைத் தட்டிவிட்டது போல இருந்தது. பெற்றவளிடம் இதைக் காட்டி, இதுதான் உங்கள் மகள் கடைசியாகப் பார்த்த இடம் என்று சொல்ல முடியாது.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மோனிகா கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்தாள். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனான்.

“இன்னா சார், இந்தக் காலத்துல போய் இந்த கேமா?” என்றாள் மோனிகா.

“கிராஃபிக்ஸ் நல்லா ஆக்கணும்.”

“புது லேப்டாப் வாங்கிடுங்க. புது கேம் போட்டுத் தரேன்.”

“இதுதான் வேணும்.”

மோட் போட்டால் ஆகும் என்றாள். ஆட்கள் தாங்களாகவே செய்து இணையத்தில் போட்டு வைத்திருக்கிறார்கள். பழைய மரத்தைப் பிடுங்கிவிட்டுப் புது மரம் நடலாம், பழைய வானத்துக்குப் பதில் புது வானம் மாட்டலாம். ஒன்றே ஒன்றுதான் யோசிக்க வேண்டியது. இந்த லேப்டாப்பில் தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. அழகு ஏற ஏற வேகம் குறையும். அளவாகத்தான் ஏற்ற வேண்டும்.

அபிநந்தன் இரண்டு நிபந்தனை சொன்னான். லாரி நகரக் கூடாது. இண்டிகேட்டர் நிற்கக் கூடாது.

“நிக்கற லாரியப் பாக்கறதுக்கு இவ்ளோ எதுக்கு சார்? ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஃபிரேம் போட்டு மாட்டிடலாமே.”

“போட்டோ ஏற்கெனவே ஒண்ணு மாட்டியிருக்குது,” என்றான் அவன். “இது கெளம்பற மாதிரி இருக்கணும்.”

மோனிகா கொஞ்ச நேரம் மவுஸையே பார்த்தாள். அதன்பிறகு புது லேப்டாப் பேச்சை எடுக்கவில்லை.

முதல் வேலையாக, சேமித்த ஆட்டத்தை ஒரு பென்டிரைவில் பிரதி எடுத்துக் கொடுத்தாள். அதை அவன் வீட்டுக்குக் கொண்டுபோய் மகாவீரர் படத்துக்குப் பக்கத்தில் வைத்தான்.

மறுநாள் வேலை முடிந்து கடைக்குப் போனபோது மோனிகா கேமைக் குடைந்துகொண்டிருந்தாள். மேடம் ஒரு தினுசாக ஓட்டியிருக்கிறார்கள் என்றாள். ஒரு லோடுகூட நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. பொழுது சாய்ந்தால் வண்டி நின்றுவிடுகிறது. மறுநாள் வெயில் வந்தால்தான் கிளம்புகிறது. மீன், கறி லோடு எடுக்காதது புரிகிறது. உருளைக்கிழங்கு லோடுகூட எடுக்கவில்லை, அது ஏன் என்று கேட்டாள்.

மண்ணுக்கடியில் விளைவதைத் தொடக் கூடாது, இருட்டிய பிறகு சாப்பிடக் கூடாது என்பதெல்லாம் அவர்கள் சமண வீடுகளின் வழக்கம். ஆனால் பிரியா உருளைக்கிழங்கு வறுவலுக்கு அடித்துக்கொள்வாள். இரவு எட்டு மணிக்கு அதையே சாப்பிடவும் சாப்பிடுவாள். கேட்டால், பசிக்கு ஏது பகல் என்பாள். வீட்டில் விட்டதையெல்லாம் ரோட்டில் பிடித்திருக்கிறாள் என்று அபிநந்தன் நினைத்துக்கொண்டான். கூடவே வாழ்ந்தும் தெரியவில்லை. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தான்.

மோனிகா முதலில் மரத்தையும் சாலையையும் மாற்றினாள். வீட்டுக்கு வந்து டிவியில் போட்டால் இலை நரம்புகூடத் தெரிந்தது. லாரிக் கதவில் அழுக்கு தெரிந்தது. இண்டிகேட்டர் எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது. அவன் எழுந்துபோய்ப் பருப்புக்கு அடுப்பைக் குறைத்துவிட்டு வந்த பிறகுதான் அணைந்தது. லேப்டாப் மாவு மிஷின் மாதிரி சத்தம் போட்டுவிட்டுத் தானும் அணைந்தது.

படங்கள் பெரிய அளவு, அதுதான் மூச்சு வாங்குகிறது என்றாள் மோனிகா. அதே மரத்தைச் சின்ன அளவில் போட்டாள். போதாதென்று நிழலை மொத்தமாக எடுத்துவிட்டாள். இப்போது இண்டிகேட்டர் ஒழுங்காக மினுங்கியது. ஆனால் நிழலில்லாத லாரி தரையில் நிற்காமல் மிதந்தது. பிரியா விஷயத்தில் எதுவும் மிதப்பது அபிநந்தனுக்குப் பிடிக்கவில்லை.

நிழலைக் கொஞ்சமாகத் திருப்பி வைத்துவிட்டு, அந்தக் குறை தெரியாமல் இருக்க ஒரு வானிலை மோட் போட்டாள். சாயங்கால வெயில் நிஜமாகவே சாயங்கால வெயிலாக விழுந்தது. அபிநந்தன் தலையாட்டினான். அவளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. வேறொரு பிரதியைத் திறந்து, அதில் இருந்த லாரியை வேகமாக ஓட்டிக் காட்டினாள். முன்கண்ணாடியில் ஏதோ பட் பட்டென்று அடித்து மஞ்சளாக வழிந்தது.

“பூச்சி சார். செம ரியலா இருக்குது இல்ல?”

அபிநந்தன் கண்ணாடியைப் பார்த்தான்.

“பூச்சி செத்துடக் கூடாதுன்னு நாங்க தண்ணியவே வடிகட்டித்தான் குடிப்போம்,” என்றான்.

“உங்க வண்டிதான் நிக்குதே சார். நிக்கற வண்டில பூச்சி எப்டி வந்து அடிக்கும்?”

“அதுல பூச்சி இருக்குது இல்ல? எடுத்துடுங்க.”

எடுத்தாள். பூச்சிகளோடு முன்கண்ணாடியும் போய்விட்டது. பக்கக் கண்ணாடிகளும் போய்விட்டன. லாரிக்கு மூளியான முகம். கண்ணாடி மாட்ட வேறொரு மோட் போட்டாள். அது கண்ணாடியோடு டிரைவர் சீட்டில் ஒரு நாய்க்குட்டியையும் கொண்டுவந்து வைத்தது. நாய்க்குட்டியைக் கிளப்ப ஒரு சாயங்காலம் ஆயிற்று.

இவ்வளவு சிரமம் கொடுத்ததற்கு ஈடாக ஏதாவது செய்ய வேண்டும் என்று மோனிகாவுக்குத் தோன்றியிருக்கிறது. வெள்ளிக்கிழமை அவனைக் கேட்காமலே ஒரு வேலை செய்தாள். லாரிக்குப் பின்னால் தூரத்தில் தெரிந்த ஐரோப்பிய மலையை எடுத்துவிட்டு ராஜகிரிக் கோட்டையை வைத்தாள். மேலே ரங்கநாதர் கோயில் வரைக்கும் துல்லியமாக வந்திருந்தது. அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்துத் திரையைத் திருப்பினாள்.

“மேடத்துக்கு நம்ம ஊரு சார்.”

“ஜன்னலைத் தொறந்தா தெரியுதே.”

“ஜன்னல்ல பாக்கறது வேற, இதுல பாக்கறது வேற சார்.”

அதை மறுக்க அவனுக்கு மனம் வரவில்லை. போடச் சொன்னான். பிரியாவின் லாரியைத் திறந்தபோது திரையில் ஓர் அறிவிப்பு வந்தது. வரைபடம் மாற்றப்பட்டுவிட்டதால் உங்கள் வாகனம் அருகிலுள்ள பணிமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டது. பின்னால் ஒரு தகரக் கொட்டகைக்குள் நீல லாரி நின்றது. மலைச்சாலை இல்லை. வெயில் இல்லை. இண்டிகேட்டர் அணைந்திருந்தது.

அபிநந்தன் கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒருவர் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் வருவதாகச் சொல்லிப் போனார்.

“பென்டிரைவ் இருக்குது இல்ல சார்?” என்று மெதுவாகக் கேட்டாள் மோனிகா.

வீட்டுக்குப் போய் எடுத்து வந்தான். அதற்குள் போன் அடித்தது. விஜயா பேசினாள். ஞாயிறு அமாவாசை, மேல்மலையனூர் கோயில் கூட்டத்தில் அன்றைக்கு பஸ்ஸில் கால் வைக்க முடியாது, அதனால் நாளைக்கே விடிந்ததும் கிளம்பி வந்துவிடுகிறேன் என்றாள். சரி அத்தை என்றான். வேறென்ன சொல்வது.

பழைய பிரதியைப் போட்டார்கள். அதே அறிவிப்பு, அதே கொட்டகை. கோட்டை இருக்கும்வரை லாரி மலைச்சாலைக்குத் திரும்பாது என்பது புரிய இரண்டு தடவை ஆயிற்று. ராஜகிரியைப் பிடுங்கினார்கள். வானத்தைக் கழற்றினார்கள். மோனிகா ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வந்தாள். கடைசியில் மிஞ்சியது சின்ன அளவு மரமும் சாலையும், கொஞ்சம் நிழலும்தான். மறுபடி பிரதியைப் போட்டாள். மலைச்சாலை வந்தது. ஓரத்தில் லாரி. இண்டிகேட்டர் மினுங்கியது. அபிநந்தன் கர்சீப் எடுத்து முகத்தைத் துடைத்தான்.

மோனிகா கடையைச் சாத்திவிட்டுக் கூடவே வந்தாள். டிவியில் போட்டுப் பார்த்தார்கள். முன்னைக்குத் தேவலை. ஆனாலும் தூரத்து மரங்கள் அட்டைதான். அவள் டிவியைப் பார்த்தாள், சோபாவைப் பார்த்தாள். ஒரு பக்கம் பிடிக்கச் சொன்னாள். இரண்டு பேருமாகச் சோபாவைப் பின்சுவர் வரைக்கும் தள்ளினார்கள்.

“இப்ப உக்காந்து பாருங்க சார்.”

உட்கார்ந்தான். அட்டை மரம் மரமாகத் தெரிந்தது. பச்சை பெயின்ட் மலையாகத் தெரிந்தது.

“இருக்கறதுலயே நல்ல மோட் இதுதான்,” என்றாள் மோனிகா. “வேகம் துளிகூட கொறையாது.”

சனிக்கிழமை விஜயா வந்தாள். பையில் முருங்கைக்காயும் வேர்க்கடலையும் இருந்தன. கடலை மண்ணுக்கடியில்தானே விளைகிறது என்று கேட்க நினைத்தான், கேட்கவில்லை. போட்டோவுக்கு எதிரே கொஞ்ச நேரம் நின்றாள். அடுப்படிக்குப் போனாள். அங்கிருந்த பாத்திரங்களை ஒருமுறை பார்த்துவிட்டு, தேய்த்ததையே மறுபடி தேய்த்தாள். மாப்பிள்ளை இருக்கும் அறையில் அவள் உட்கார மாட்டாள். பேசுவதென்றால் கதவோரம் நின்றுதான் பேசுவாள். அவனுக்குக் கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான்.

அவன் அவளை வற்புறுத்திச் சோபாவில் உட்காரவைத்தான். நுனியில் உட்கார்ந்தாள். டிவியைப் போட்டான். மலைச்சாலை வந்தது. லாரி வந்தது. இண்டிகேட்டர் மினுங்கியது. சோபாவிலிருந்து பார்க்கையில் எல்லாம் சரியாக இருந்தது.

பேச வேண்டியதை அவன் காலையிலேயே யோசித்து வைத்திருந்தான்.

“இது பிரியா ஓட்டுன லாரி, அத்தை. கடைசியா இங்கதான் நிறுத்துனா. ஒரு வருஷமா அப்படியே வச்சிருக்கேன். நான் தொடல. யாரையும் தொட விடல.”

அந்த வருடத்தில் அவன் ஒரே மூச்சில் பேசிய நீளமான பேச்சு அதுதான். பேசி முடித்துவிட்டுத் தரையைப் பார்த்தான். மாமியார் அழுதால் என்ன செய்வது என்று யோசித்து வைக்கவில்லை.

விஜயா அழவில்லை. வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு டிவியையே பார்த்தாள். பிறகு எழுந்தாள். லேப்டாப் இருந்த மேசைக்குப் போனாள். அவனை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்தாள். மாப்பிள்ளைக்கு எதிரில் அவள் நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

ஒரு விசையைத் தட்டினாள். என்ஜின் உறுமியது. அபிநந்தன் வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் லாரி நகர்ந்தது. வளைவில் வேகம் குறைந்தது, எதிரே வந்த காருக்கு ஒதுங்கியது, மறுபடி சாலைக்கு வந்தது. விரல்கள் விசைகளைத் தேடவில்லை. ஒரு வருடம் பார்த்துக்கொண்டிருந்த இடம் திரையை விட்டுப் போயிற்று. அவன் பார்த்தே இராத ஒரு பள்ளத்தாக்கு வந்தது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அவள் ஓர் ஓய்விடத்துக்குள் வண்டியைத் திருப்பி, இரண்டு லாரிகளுக்கு நடுவே பின்னுக்கு எடுத்து நேராக நிறுத்தினாள். என்ஜினை அணைத்தாள்.

“அத்தை?” என்றான் அபிநந்தன்.

விஜயா திரும்பவில்லை.

“இது என் லாரி, மாப்ள,” என்றாள். “உங்க பைக் சத்தம் கேட்டா லேப்டாப்ப அவ மடில தள்ளிட்டு உள்ள ஓடிடுவேன், அவ வாயப் பொத்திக்கினு சிரிப்பா.”