ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம்

முகத்துக்கு நேராக யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடும் மடையன் நான். (கல்யாணமான புதிதில் என் பாட்டு நன்றாக இருப்பதாக மனைவி சொல்லிவிட்டாள். மும்பை மாட்டுங்காவில் எங்கள் அக்கம்பக்கத்தார் இன்றுவரை அனுபவிக்கிறார்கள்.)

இப்படிப்பட்டவனைத்தான், ஆன்லைன் பட்டப்படிப்பு எந்த அளவுக்குப் பயன்படுகிறது என்று அளந்து வரச் சொன்னது நான் வேலை பார்த்த கல்லூரி. வீடியோ பாடமே போதும் என்று தெரிந்தால், தாராவியில் ஞாயிறுதோறும் நேரில் நடக்கும் சந்தேகம் தீர்க்கும் வகுப்பை மூடிவிடலாம் என்பது திட்டம். தமிழ் தெரிந்த ஆள் என்று என்னை அனுப்பினார்கள்.

முதலில் தேன்மொழி வீடு. பகலில் துணிப் பட்டறையில் பொத்தான் தைக்கிற பெண். பி.காம். முடித்தால் அதே பட்டறையின் ஆபீஸில் வேலை தருவதாக முதலாளி சொல்லியிருந்தார்.

அவள் அம்மா, இருந்த ஒரே நாற்காலியில் என்னை உட்காரவைத்தார். ஃபேனை என் பக்கம் திருப்பினார். ஓடிப்போய் ஒரு கூல் டிரிங்க் (இங்கே அதற்குப் பெயர் தண்டா) வாங்கி வந்தார். நான் கேள்வித்தாளை எடுத்தேன். வீடியோ நன்றாகப் புரிகிறதாம். வகுப்பு இல்லாமல் சமாளிக்க முடியுமா என்று கேட்டதும் தேன்மொழி அம்மாவைப் பார்த்தாள்.

அம்மா முந்திக்கொண்டார். "அதெல்லாம் சமாளிச்சுக்கிடுவா சார். நீங்க மொதல்ல தண்டா குடிங்க."

டிக் போட்டேன்.

அன்றைக்குப் பதினோரு வீடு, பதினோரு தண்டா. எல்லா வீட்டிலும் ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம். கலர் கலராகப் படம் போட்டு அறிக்கை கொடுத்தேன். டைரக்டர் கை குலுக்கினார். மாதக் கடைசியில் வகுப்பை மூடினார்கள்.

அடுத்த பரீட்சையில் அந்தப் பதினோரு பேரில் ஒன்பது பேர் புள்ளியியலில் காலி. தேன்மொழியும்தான். ஆபீஸ் நாற்காலியில் முதலாளி வேறு ஆளை உட்காரவைத்துவிட்டார்.

ஏன் தோற்றார்கள் என்று அளந்து வரவும் என்னையே அனுப்பினார்கள். (அனுபவசாலியாம்.) பட்டறைக்குப் போனேன். பழியில் பாதியையாவது அவள் பக்கம் தள்ளிவிடலாம் என்ற நப்பாசை எனக்கு.

"கிளாஸ் வேணும்னு அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா."

தேன்மொழி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். தலையைத் தூக்கவில்லை.

"வீட்டுக்கு வந்த ஆளுகிட்ட ஒங்க காலேஜு சரியில்லன்னா சொல்லுவோம்? ஒரு ஞாயித்துக்கெழம கிளாஸுக்கு வந்திருந்தா, நிக்க எடமில்லாம நாங்க முட்டிக்கிட்டுக் கெடந்தது தெரிஞ்சிருக்கும். பதினோரு வீட்டுக்குப் போனீங்க, அங்க மட்டும் எட்டிக்கூடப் பாக்கல."