நிட்சாவுக்கு நான்கு நாள்

பாட்ராப்,
ஏப்ரல் 19, ஞாயிறு

பேரன்புள்ள கிஸேலா அத்தைக்கு,

மரைக்கே எழுதுவது. கிறிஸ்துமஸும் இல்லை, உங்கள் பிறந்தநாளும் இல்லை. இந்த நேரத்தில் என் கையெழுத்தில் ஓர் உறை வந்தால் உங்களுக்குத் திக்கென்று இருக்கும். மன்னியுங்கள். யாரும் சாகவில்லை, அதை முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும். போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நான் போனில் பேசும் லட்சணம் உங்களுக்கே தெரியும், 'ஹலோ'வுக்குப் பிறகு எதிர்முனையில் இருப்பவர்தான் மிச்சத்தையெல்லாம் பேச வேண்டியிருக்கும். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது, டோர்ட்முண்டில் மழை விட்டதா என்றெல்லாம் விசாரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வர வேண்டும். விசாரித்துவிட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு மிகவும் களைப்பாக இருக்கிறது.

மே பதினைந்தாம் தேதி அம்மாவுக்கு அறுபது வயது. அதற்கு முந்தின நாள் வியாழன், விண்ணேற்றத் திருநாள் விடுமுறை. வெள்ளிக்கிழமை ஒன்றுக்கு மட்டும் லீவு போட்டால் ஞாயிறுவரை நான்கு நாள் விடுமுறைக்குப் பாலம் கட்டிவிடலாம். அப்பா சுரங்கத்திலிருந்து ஓய்வுபெற்று எட்டு வருஷமாகிறது, அவருக்கு எல்லா நாளும் ஞாயிறுதான். இருந்தாலும் பாலம் இல்லாத வாரத்தில் பயணம் போவது பாவம் என்றே நினைக்கிறார். வழக்கமாக அந்த வியாழக்கிழமை தந்தையர் தினம் என்று சொல்லிக்கொண்டு, கைவண்டியில் பீர்ப் பெட்டியை ஏற்றிக் கால்வாய்க்கரை நெடுகக் கூட்டாளிகளோடு இழுத்துக்கொண்டு போவார். இந்த வருஷம் அதை அம்மாவுக்காகத் தியாகம் செய்கிறார். காலையில் ஒரு தடவையும் ராத்திரி சாப்பாட்டில் ஒரு தடவையும் அந்தத் தியாகத்தை எங்களுக்கு நினைவூட்டுகிறார்.

அம்மாவுக்கு வேண்டியது கடல். வேறெதுவும் இல்லை. நாங்கள் வடகடலுக்கு நான்கு தடவை பஸ்ஸில் போயிருக்கிறோம், நான்கு தடவையும் போய்ச் சேர்ந்தபோது கடல் இல்லை. கண்ணுக்கெட்டியவரை சேறு. கடைசித் தடவை அம்மா ஐஸ்கிரீம் வண்டிக்காரரிடம், "எங்கப்பா கடல்?" என்று கேட்டாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "இப்பத்தாம்மா கிளம்பிப் போச்சு. ஆறு மணி நேரம் கழிச்சு வாங்க" என்றார். எங்கள் பஸ் நான்கு மணி நேரத்தில் கிளம்பிவிடும். அம்மா ஒரு ஐஸ்கிரீமை வாங்கிச் சேற்றைப் பார்த்தபடி தின்று முடித்தாள். ஜனவரியில் ஒருநாள் பேக்கரியிலிருந்து வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல், "மத்தியதரைக் கடல் எங்கயும் போகாதாம். ஒரே இடத்துல இருக்குமாம். அறுபதாவது பிறந்தநாளுக்கு எனக்கு அதைக் காட்டுங்க. நிட்சா நல்லாருக்குன்னு ஒரு கஸ்டமர் சொன்னாங்க" என்றாள். அம்மா தனக்கென்று எதையாவது கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பதிவு செய்வது யார் என்ற கேள்வியே எழவில்லை. இந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான் என்பதால், துணி துவைக்கும் இயந்திரம் நின்றாலும் வரி அலுவலகக் கடிதம் வந்தாலும் கீழ்வீட்டுக்காரரின் டாக்டர் சீட்டில் லத்தீனில் ஏதாவது இருந்தாலும் என்னிடம்தான் வரும். "நீ படிச்சவ, நீ பாரு." நான் படித்தது வரைபடவியல், அத்தை. நகராட்சி நில அளவைப் பிரிவில் உட்கார்ந்து எந்த வேலி யாருடையது என்று கோடு போடுகிறேன். அப்பா தோட்டச் சங்கத்தில் எல்லோரிடமும், "என் பொண்ணு மேப் போடுறவ, அவளுக்குத் தெரியாத ஊரே கிடையாது" என்று சொல்லி வைத்திருக்கிறார்.

பிப்ரவரியில் வீடும் விமானமும் சேர்ந்த ஒரு சலுகை வந்தது. நிட்சா என்று அடித்தேன். நிட்சா என்று வந்தது. அமைதியான வீடு, பால்கனி, மூன்று கட்டில், விரித்தால் கட்டிலாகும் சோபா ஒன்று. படங்களில் பச்சைக் குன்றுகள் தெரிந்தன. கடல் வீட்டுக்குப் பின்பக்கம் இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். விமானம் இத்தாலியின் துரினில் இறங்கும் என்று போட்டிருந்தது. மலிவு விமானங்கள் ஓர் ஊர்ப் பெயரைச் சொல்லி ஏற்றி இரண்டு ஊர் தள்ளி மாட்டு மேய்ச்சலில் இறக்கிவிடுவது நமக்குப் பழகிப்போனதுதானே, அதுவும் உறுத்தவில்லை. ரத்து செய்ய முடியாது என்று சிவப்பில் எழுதியிருந்தார்கள். நாம் எதற்கு ரத்து செய்யப்போகிறோம் என்று அழுத்திவிட்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் அப்பாவின் கேள்விகளுக்குப் பதில் சொன்னேன். கட்டில் எவ்வளவு நீளம்? ("போன தடவ என் கால் ரெண்டும் பால்கனில தூங்குச்சு.") அங்கே ரொட்டி எப்படி? ("வெள்ளை ரொட்டியா? அது காத்துடீ, காத்துக்கு ஓடு போட்டு விக்கிறான்.") அதனால் இரண்டு கிலோ கறுப்பு ரொட்டி எங்களோடு வருகிறது. அம்மா இறைச்சி உருண்டையும் அவித்த முட்டையும் கட்டுகிறாள், ஒன்றே முக்கால் மணி நேர விமானத்துக்கு. நீலத்தில் நீச்சலுடை ஒன்று வாங்கியிருக்கிறாள், அதை ஸ்வெட்டருக்கு மேலேயே மாட்டிக்கொண்டு நடைவழிக் கண்ணாடி முன் நின்று, "அறுபது வயசுக்கு இது அதிகமோ?" என்று கேட்டாள். "உனக்கென்ன, நிட்சாவே திரும்பிப் பாக்கும்" என்றார் அப்பா. அவர் வாயிலிருந்து அப்படியொரு சொல் வந்து நான் கேட்டதில்லை. அம்மா அன்று முழுவதும் பாடிக்கொண்டே இருந்தாள். பேக்கரியில் வருகிறவர்கள் எல்லோரும், "என்ன ரோஸ்விதா, இன்னும் கடலுக்குக் கிளம்பலயா?" என்று கேட்டுவிட்டுத்தான் ரொட்டி வாங்குகிறார்கள். "இன்னும் இருபத்தஞ்சு நாளுங்க. அதுவரைக்கும் அது அங்கயேதான் இருக்குமாம்" என்று அம்மா சில்லறை கொடுக்கிறாள்.

போன வாரம், பால்கனியிலிருந்து கடல் தெரியுமா என்று வீட்டுக்காரம்மாவுக்கு எழுதிக் கேட்டேன். அந்த ஒரு வரிக்கு மூன்று வரைவு எழுதினேன், தொந்தரவு செய்கிறோமே என்று. வியாழக்கிழமை பதில் வந்தது. அவர் பெயர் புரூனா, கைம்பெண், நன்றாக ஜெர்மன் எழுதுகிறார். ஏன் அவ்வளவு நன்றாக எழுதுகிறார் என்பது படிக்கப் படிக்கப் புரிந்தது. "என் கண்ணே, பால்கனியிலிருந்து ஆறு தெரியும், திராட்சைத் தோட்டம் தெரியும், வானம் துடைத்தாற்போல் இருந்தால் ஆல்ப்ஸ் தெரியும். கடல் வேண்டுமென்றால் நீ இன்னொரு நிட்சாவுக்குப் போயிருக்க வேண்டும். வருஷத்துக்கு ஒரு ஜெர்மன் குடும்பமாவது இப்படி வந்து சேர்கிறது. அவர்கள் விட்டுப்போன நீச்சல் கண்ணாடிகளை அலமாரியில் அடுக்கி வைத்திருக்கிறேன், உனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்."

பிரெஞ்சுக்காரர்கள் அந்தக் கடற்கரை ஊரை நீஸ் என்கிறார்கள், அத்தை. இத்தாலிக்காரர்களைப் போல ஜெர்மனில் நாமும் நிட்சா என்கிறோம். ஆனால் இத்தாலிக்காரர்களுக்குத் தங்கள் நாட்டுக்குள்ளேயே சொந்தமாக இன்னொரு நிட்சா இருக்கிறது. அது அவர்களுக்குத் தெரியும். நமக்குத் தெரியாது. வரைபடவியல் படித்த எனக்கும் தெரியவில்லை.

அங்கிருந்து கடல் காரில் ஒரு மணி நேரம். ரயில் உண்டு, ஆனால் அந்த வெள்ளியும் சனியும் வேலைநிறுத்தமாம். "அது எங்கள் ஊர்ப் பாலம்" என்று புரூனா அம்மா எழுதியிருக்கிறார். காருக்கு ஓட்டுநர் வேண்டும். அப்பா கண்புரை அறுவைக்குக் காத்திருக்கிறார், டாக்டர் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்றுவிட்டார். அம்மா ஓட்டப் பழகியதே இல்லை. நான் இரண்டு தடவை தேர்வுக்குப் போனேன். பரிசோதகர் 'காலை வணக்கம்' சொன்னதற்கே என் கையில் வண்டி நின்றுவிட்டது. மூன்று நாளாக யாரிடமும் சொல்லவில்லை. அம்மா பாடும்போதெல்லாம் குளியலறைக்குள் போய்விடுகிறேன்.

உங்களிடம் உதவி கேட்க எனக்கு வாய் இல்லை. உங்கள் ஓய்வு விருந்தில், அத்தனை ஓட்டுநர்கள் முன்னால், "முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டினா, ஆனா ரிவர்ஸ் மட்டும் பயணிங்கதான் எறங்கித் தள்ளுவாங்க" என்று அப்பா சொன்னதும், நீங்கள் கேக்கை வெட்டாமலே எழுந்து போனதும், அதற்கப்புறம் நீங்கள் இருவரும் பேசாமலே போன இந்த ஆறு வருஷமும் எனக்கு மறக்கவில்லை. அதனால் சின்னதாக ஒன்றே ஒன்று. 'முதலில் வருகிற நிட்சாவையே எடு' என்று எனக்கு யோசனை சொன்னது நீங்கள்தான் என்று அப்பாவிடம் சொல்லிக்கொள்ளலாமா? அவர் எப்படியும் உங்கள்மேல் கோபமாகத்தான் இருக்கிறார். கொதிக்கிற சட்டியில் இன்னொரு கரண்டி ஊற்றினால் யாருக்குத் தெரியப்போகிறது? வெட்கமாகத்தான் இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் படியில் வழுக்காமலும் உங்கள் காப்பி ஆறாமலும் உங்கள் நாய்க்குப் பல்வலி தீர்ந்தும் இந்த வசந்தம் கழியட்டும்.

என்றும் உங்கள்,
மரைக்கே

பின்குறிப்பு: மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள். உறையை ஒட்டப்போன நேரத்தில் அப்பா கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார்.

"கடற்கரைக்கு எத்தன மீட்டர்டீ? செருப்பு போதுமா, ஷூ எடுத்துக்கணுமா?"

பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தேன், உங்கள் பெயர் நாக்கு நுனியில் இருந்தது. "எழுபத்தஞ்சாயிரம்" என்று வந்துவிட்டது.

அப்பா கட்டிலில் உட்கார்ந்தார். என் கணினித் திரையில் இருந்த வரைபடத்தை மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்து பார்த்தார்.

"இதுல கடலே இல்லையேடீ."

"இல்லப்பா."

"மேப் போடுறவ நீ."

"ஆமாப்பா."

"அம்மாகிட்ட சொல்லிடாத."

"என்னத்த எங்கிட்ட சொல்லக் கூடாது?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

சொல்லிவிட்டேன். அம்மா ஈரத் துண்டோடு வாசற்படியில் நின்று முழுவதையும் கேட்டாள். "கார்ல ஒரு மணி நேரமா? நமக்கு யாரு கார் ஓட்டுறது? விடு, நான் திராட்சைத் தோட்டமும்தான் பாத்ததில்ல" என்றாள். ரொம்ப வேகமாகச் சொன்னாள். உள்ளே போய்க் குழாயைத் திறந்தாள். தண்ணீர் வெகுநேரம் ஓடியது, பாத்திரச் சத்தம் மட்டும் இல்லை.

அப்பா என் அலமாரிக் கதவைப் பார்த்துச் சொன்னார்: "அக்கா ஓட்டுவா."

இந்த வீட்டில் இத்தனை நாளாக நீங்கள் 'டோர்ட்முண்ட்காரி'.

"மலைப் பாதையில அவள மாதிரி ஓட்ட ஆள் கெடையாது. ஆனா நான் கேக்க மாட்டேன்."

"நான் கேக்கட்டுமாப்பா?"

"என்னமோ பண்ணு. நீதான் படிச்சவ."

போய்விட்டார். சமையலறையில் குழாயை மூடுகிற சத்தம் கேட்டது. அம்மாவிடம் ஏதோ மெதுவாகப் பேசுகிறார், என்னவென்று காதில் விழவில்லை.

ஆகவே பழி உங்களுக்கு வேண்டாம், அதை நானே வைத்துக்கொள்கிறேன். விமானத்தில் எங்களுக்கு முன்வரிசையில் ஓர் இடம் காலியாக இருக்கிறது, இப்போதுதான் பார்த்தேன். சோபாவில் நான் படுத்துக்கொள்வேன். பதினைந்தாம் தேதி காலையில் அம்மாவைக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போவீர்களா, அத்தை?